கோட்டுக்குள் நாற்பது கராம்பு

மூன்றாவது காகிதக் கீற்றை மூக்கருகே கொண்டுபோனதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஸ்ட்ரெதமில் செவ்வாய்க்கிழமைகளில் நடந்த மாலை வகுப்பு அது. 'வாசனையின் இரசாயனம்' என்று பெயர். பகலில் நான் டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறேன். மருந்தாளராகப் படிக்க ஆசை. அதற்கு முன் இரசாயனம் எனக்கு ஏறுமா என்று பார்க்கத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். அன்று 2008 ஒக்டோபர் பதினான்காம் திகதி. பெயர் ஒட்டாத ஐந்து சிறிய போத்தல்களும் ஐந்து கீற்றுகளும் தந்திருந்தார்கள். முகர்ந்ததும் மனதில் முதலில் வருவதை யோசிக்காமல் எழுத வேண்டும். யோசிக்காமல் எழுதுவது எனக்கு வராத காரியம். முதலாவதற்குத் 'தோடம்பழத் தோல்' என்று எழுதி, அதை வெட்டி, 'தேசிக்காயாகவும் இருக்கலாம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். மூன்றாவதை மட்டும் வெட்டாமல் எழுதினேன்: 'வெறும் சட்டியில் மிளகு வறுக்கும் முதல் நிமிடம். காய்ந்த பலகை. அண்ணாவின் கோட்.'

எல்லோரும் எழுதி முடித்த பிறகு ஆசிரியை பெயர்களைச் சொன்னார். மூன்றாவது, பீட்டா கரியோபிலீன். டெர்பீன் என்னும் வகையைச் சேர்ந்தது. மிளகில் உண்டு, கராம்பில் உண்டு, பியருக்குப் போடும் ஹொப்ஸ் பூவில் உண்டு. கஞ்சாவிலும் நிறைய உண்டு.

பக்கத்தில் இருந்த மங்கை என் கொப்பியை எட்டிப் பார்த்தாள். மலேசியாவில் இருந்து படிக்க வந்து, இப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவள். என்னைவிடப் பத்து வயது கூட. ஆனாலும் அக்கா என்று கூப்பிட விடமாட்டாள்.

"ஏய் கஜா, உங்க அண்ணன் ரசம் வெச்சிட்டு கோட்லயா கை தொடைக்கிறாரு? இல்ல வேற ஏதாச்சுமா?"

நான் கொப்பியை மூடினேன்.

"சும்மா சொன்னேன் லா. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிக்கிற?"

அண்ணா சுருட்டுகிற புகையிலையின் மணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நினைத்திருந்தேனா, அல்லது அப்படி நினைப்பது வசதியாக இருந்ததா என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

லோகன் அண்ணா 2006இல் இலண்டனுக்கு வந்தவர். நான் சின்ன வயதிலேயே மாமியோடு வந்துவிட்டதால் எனக்கு இங்கே குடியுரிமை இருக்கிறது. அவருக்கு இல்லை. வருமுன் ஊரில் ஐந்து மாதம் ஓர் இராணுவ முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து வந்தது இடது இடுப்பிலும் காலிலும் உள்ள நோவு. அவருடைய தஞ்சக் கோரிக்கையை நிராகரித்த கடிதத்தில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: 'மருத்துவக் குறிப்புகளின்படி இவர் உதவியின்றி நடக்கிறார், எனவே காயம் பற்றிய கூற்று மிகைப்படுத்தப்பட்டது.' அப்பீல் விசாரணைக்கு நவம்பர் இருபத்தேழு என்று நாள் குறித்திருந்தார்கள். அதில் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். லோயர் ஆனந்தராஜா எங்கள் இருவரையும் இருத்தி வைத்து, அதுவரைக்கும் ஒரு சின்னப் பொலிஸ் கேஸ்கூட வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

வகுப்பு முடிந்து வந்தபோது அண்ணா சோறு போட்டுவைத்துக் காத்திருந்தார்.

"அண்ணா, உங்கட கோட் என்ன மணக்குது?"

"கோட் மணம்தான் மணக்கும்."

"அதே மணத்தை இண்டைக்கு வகுப்பில போத்தில்ல மணந்தனான்."

"என்ர கோட்டைப் போத்தில்ல அடைச்சு வச்சிருக்கினமோ?"

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"ஓம்," என்றார். "நோவுக்குத்தான். பார்க்கில ஒருத்தன் தாறவன். டொக்டர் தந்த குளிசை வயித்தைப் பிரட்டுது, கஜா. இதெண்டால் ரெண்டு மணித்தியாலம் படுக்கலாம்."

"பொலிஸ் பிடிச்சால் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும். இடுப்புக்குத் தெரியாது."

அன்று நான் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். ஆசிரியை வகுப்பு முடிவில் சொன்ன ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் ஓர் ஆய்வு வெளியாகியிருந்ததாம். கஞ்சா உடம்பில் போய் ஒட்டுகிற இடங்கள் இரண்டு வகை. ஒன்று மயக்கம் தருவது. மற்றதற்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமில்லை, வீக்கத்தோடுதான் சம்பந்தம். மிளகில் உள்ள இந்தக் கரியோபிலீன் அந்த இரண்டாவதில் மட்டும் ஒட்டுகிறதாம். எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பாதவீக்கம் குறைந்ததாம். 'எலிகள்' என்று ஆசிரியை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மனிதரில் என்ன செய்யும், எவ்வளவு வேண்டும் என்பது தெரியாது என்றும் சொன்னார். அதையும் நான் எழுதினேன். அடிக்கோடும் இட்டேன். அடிக்கோடிட்ட பிறகு ஒரு விஷயத்தை மறப்பது சுலபம் என்பது என் அனுபவம்.

அடுத்த நாள் காலையில் ஒரு புதுக் கொப்பி எடுத்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு: 'கஞ்சாவுக்குப் பதிலாக மிளகு. லோகன், வயது 31.' எல்லாப் பக்கங்களுக்கும் மேல் மூலையில் இலக்கம் போட்டேன். அது என் பழக்கம். நாள், மிளகின் எண்ணிக்கை, நோவு பத்துக்கு எத்தனை என்று அண்ணா சொல்வது, இவற்றுக்குக் கோடு கீறினேன். சொல்வதை ஒரு நிரலில் எழுதினால், நீங்களே எண்ணக்கூடிய ஒன்றை அடுத்த நிரலில் எழுதுங்கள் என்று ஆசிரியை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். என்னால் எண்ணக்கூடியது படிகள்தான்.

நாங்கள் இருப்பது ஒரு மளிகைக்கடைக்கு மேல், மூன்றாம் மாடியில். ஐம்பத்தொரு படி. பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு அண்ணா கீழே போய்ப் பாணோ பாலோ வாங்கி வருவார். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். இடது காலை இழுக்கிற சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். எத்தனை தடவை நிற்கிறது என்று கடைசி நிரலில் எழுதுவேன்.

"மூண்டு மிளகு. நல்லாச் சப்பி, சுடுதண்ணி குடியுங்கோ."

"என்னை ரசமாக்கப் போறியோ?"

"அதை எறிஞ்சிட்டீங்களோ?"

"எறிஞ்சிட்டன்."

"எங்க?"

"கஜா, நீ பொலிஸைவிட மோசம். கழிவறைக்குள்ள எறிஞ்சு தண்ணியும் இழுத்து விட்டிட்டன், போதுமோ?"

முதல் நாள் அவர் சொன்னது எட்டு. ஒரு வாரத்தில் ஏழானது. மிளகை ஐந்தாக்கி, பிறகு பத்தாக்கினேன். நவம்பர் தொடக்கத்தில் ஐந்து. அன்று நான் மருந்துக்கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மீதிக் காசை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். பிறகு நான்கு. அண்ணாவின் முகம் வெளிறியிருந்தது, உண்மைதான். ஆனால் மிளகு வயிற்றை எரிக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதினேன். விசாரணைக்கு முதல் நாள் அவர் சொன்னது இரண்டு.

"உண்மையாவோ?"

"ரெண்டு எண்டால் ரெண்டுதான். எழுது."

எழுதினேன். நாற்பத்து மூன்று நாள், ஒரு நாளும் விடவில்லை. எனக்கும் ஏதோ ஏறுகிறது என்று முதன்முதலாக நினைத்தேன்.

அண்ணா கஞ்சாவை விட்ட நாளில் பையில் போட்ட கோட்டை அன்று பின்னேரம்தான் வெளியே எடுத்தோம். நீதிபதி முன்னால் போடத் தகுந்த கோட் அது ஒன்றுதான். சமையல் மணம் பிடிக்காமல் இருக்க எங்கள் ஆட்கள் எல்லாரையும்போல நாங்களும் கோட்டுகளைக் கறுத்தக் குப்பைப் பையில் போட்டு வாசலில் தொங்கவிடுவோம். பையைத் திறந்ததும் ஆறு வாரமாக உள்ளே அடைந்துகிடந்தது முகத்தில் அடித்தது. பழைய புகை. உலர்சலவைக்குக் கொடுக்க நேரமில்லை. ஜன்னலில் தொங்கவிட்டேன், மழை தூறியது. உள்ளே எடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கராம்பிலும் அதே பொருள் இருக்கிறது. அப்படியென்றால் கோட்டில் என்ன மணத்தாலும் அது கராம்பு மணம் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? மாமியும் உடுப்பு அலுமாரிக்குள் கராம்பு போட்டு வைப்பவர்தான். ஒரு வெள்ளைத் துணித் துண்டில் நாற்பது கராம்பும் ஒரு பிடி மிளகும் போட்டு, நாலு மூலையையும் சேர்த்துக் கட்டி, கோட்டின் உட்துணிக்குள், நெஞ்சுப் பக்கமாக வைத்துத் தைத்தேன். எண்ணித்தான் போட்டேன். நாற்பது.

காலையில் அண்ணா கோட்டைப் போட்டுக்கொண்டு முகர்ந்து பார்த்தார்.

"புரியாணி மாதிரி மணக்கிறன்."

"நல்லதுதானே. நீதிபதிக்குப் பசிக்கும்."

அவர் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நிலத்தடி ரயிலில் இடையில் இறங்கிப் பாதை மாற வேண்டும். நகரும் படிக்கட்டு மேலே முடிகிற இடத்தில் நான்கு பொலிஸ்காரரும் ஒரு நாயும் நின்றிருந்தார்கள். மண்ணிறத்தில், காது தொங்கும் சின்ன நாய். வேலைக்குப் போகிற சனம் அதன் இரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. நாய் எனக்கு முன்னால் போனவரை முகர்ந்தது, விட்டது. என்னை முகர்ந்தது, விட்டது. அண்ணாவின் கோட்டுக்கு முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்தது. பிறகு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தது.

ஒரு பொலிஸ்காரர் ஏதோ மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணா அதைக் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். தலையைத் தாழ்த்திக்கொண்டார். அந்தச் சனத்துக்கு நடுவில்.

"ஐயா, எழும்புங்கள், தேவையில்லை," என்று பொலிஸ்காரர் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய முகமும் மாறிவிட்டது. நான் அண்ணாவின் தோளைப் பிடித்தேன்.

"அண்ணா, இது இலண்டன். அண்ணா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இல்லை. எழுப்பப் பார்த்தோம், இடுப்பு மடிந்தபடியே நின்றுவிட்டது. இரண்டு பேர் தூக்கி ஒரு பக்க அறைக்குக் கொண்டுபோனார்கள். பைகள், சப்பாத்து, காலுறை, எல்லாம் பார்த்தார்கள். நெஞ்சுப் பக்கத்தில் முடிச்சு தட்டுப்பட்டதும் கத்தரிக்கோலால் தையலை வெட்டினார்கள். மேசையில் கராம்பு கொட்டியது. ஒரு பொலிஸ்காரர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கிறிஸ்மஸ் கேக் மணக்கிறது, நத்தார் வந்துவிட்டது என்றார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், சோதனை செய்தோம், எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். அண்ணா எழுந்து நடக்கிற நிலைக்கு வர மேலும் ஒரு மணித்தியாலம் போனது.

பத்து மணிக்குக் கூப்பிட்ட வழக்குக்கு நாங்கள் பதினொன்றரைக்குப் போனோம். ஆனந்தராஜா நடையில் நின்றிருந்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தியிருந்தார்.

"ரெண்டு வருஷமாப் பாத்து வச்ச வேலை பிள்ளை. எங்க போனனீங்கள்?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாரத் தவணை வாங்கியிருந்தார். ஏன் வரவில்லை என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று நீதிபதி கேட்டிருந்தார். டிசம்பர் பதினெட்டு. அதற்குப் பிறகு தவணை கிடையாது.

"அது சரி, கராம்பு என்னத்துக்கு?"

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அதையும் சொன்னேன்.

ஆனந்தராஜா கழுத்துப் பட்டியை மறுபடி இறுக்கினார். "கோட்டில கறி மணக்கும் எண்டு போட்டனீங்கள்," என்றார் பிறகு. "எங்கட சனம் எல்லாம் செய்யிறதுதானே. ஒரு வரி எழுதிக் கையெழுத்து வையுங்கோ. மற்றதை நான் கேக்கவுமில்லை, நீங்கள் சொல்லவுமில்லை."

அடுத்த செவ்வாய் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். நாய் கராம்புக்கு உட்காருமா? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார். கரியோபிலீன் காற்றுப்பட்டுப் பழையதானால் ஓர் ஒக்சைட்டாக மாறும். மோப்ப நாய்கள் கஞ்சாவில் பிடிப்பது அந்த ஒக்சைட்டைத்தான் என்று பழைய ஆய்வு ஒன்று சொல்கிறது. கராம்பிலும் அது கொஞ்சம் இருக்கும். ஆனால் நாய்களைப் பழக்குவது உண்மையான கஞ்சாவை வைத்து, அதன் முழு மணத்துக்கும். கராம்புக்கு உட்கார்ந்ததா, கோட்டில் தங்கிய பழைய புகைக்கு உட்கார்ந்ததா, எவராலும் சொல்ல முடியாது.

பஸ் நிறுத்தம்வரை மங்கை கூடவே வந்தாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீ தெச்சதாலயும் இருக்கலாம், தெக்காட்டியும் அந்த நாய் உக்காந்திருக்கலாம்."

"ஓம்."

"அப்ப பாதிப் பழிய மட்டும் எடுத்துக்க லா. முழுசையும் ஏன் தூக்கிட்டு அலையிற?"

பஸ்ஸில் அந்தப் பாதியைப் பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை. தைத்தது நான். எண்ணிப் போட்டது நான். அவர் முழங்காலில் இருந்தது எனக்கு முன்னால். விசாரணைக்குப் பதினாறு நாள் இருந்தது. எழுத வேண்டிய ஒரு வரியை நான் இன்னும் எழுதவில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் கொப்பியைத் திறந்தேன். அவர் ஆறு வாரமாக அதைத் தொடவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான். யாருக்கும் காட்டப் போவதில்லை. எனக்கே ஒருமுறை நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான். எட்டு, எட்டு, ஏழு, ஏழு. விரலைக் கீழே ஓட்டினேன். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. பிறகு, சராசரி போட்டுப் பார்க்காமல் விட்ட கடைசி நிரலைப் பார்த்தேன்.

முதல் வாரம், படியில் நின்றது: மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் வாரம்: மூன்று, நான்கு, நான்கு. கடைசி வாரம்: நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து. இரண்டு என்று அவர் சொன்ன அன்று, ஐந்து. ஒவ்வோர் எண்ணையும் என் கையால்தான் எழுதியிருந்தேன். நாற்பத்து மூன்று நாளும் கதவடியில் நின்று, காதால் கேட்டு, எண்ணி எழுதியிருந்தேன். பக்கத்து நிரல் இறங்கிக்கொண்டே போன சந்தோஷத்தில் இதை ஒருநாளும் வாசிக்கவில்லை.

அண்ணா ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். கொப்பியை அவர் மடியில் வைத்தேன்.

"இது என்ன?"

அவர் இரண்டு நிரலையும் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்தது.

"படியையும் எண்ணினியோ?" என்றார்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"எட்டு எண்டு சொன்ன அண்டைக்கு உன்ர முகத்தைப் பாத்தனான். ஏழு எண்டு சொன்ன அண்டைக்கும் பாத்தனான்." கொப்பியை மூடினார். "ஏழு நல்லா இருந்துது."

"மிளகு ஒண்டும் செய்யேல்லையோ?"

"வயித்தை எரிச்சுது."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னொரு பொய் சொல்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

"அதையாவது உண்மையா விட்டனீங்களோ?"

"அண்டைக்கே விட்டிட்டன் பிள்ளை. விட்டபடியால்தானே அஞ்சு தரம் நிண்டனான்."

நம்பினேன். நம்பாமல் இருக்கவும் காரணங்கள் இருந்தன. ஒரு துண்டில் அவற்றையும் எழுதிப் பார்த்தேன். பிறகு அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டேன்.

'உதவியின்றி நடக்கிறார்' என்று எழுதியவர்களுக்குப் பதில் இந்தக் கடைசி நிரலில் இருக்கிறது. விசாரணைக்கென்று தயாரித்தது இல்லை. ஒரு தங்கை நாள் தவறாமல், என்னவென்று அறியாமலே எழுதியது. ஆனால் அந்த நிரலைக் காட்டினால் முதல் பக்கத் தலைப்பையும் காட்ட வேண்டும். 'கஞ்சாவுக்குப் பதிலாக.' கறி மணத்துக்காகக் கராம்பு என்ற வரி அப்போது நிற்காது. முதல் பக்கத்தைக் கிழிக்கலாம் என்றால், மூலையில் நானே போட்ட இலக்கம் இரண்டில் தொடங்கும். மீதியை வேறு கொப்பியில் பார்த்து எழுதலாம். ஒரே பேனையில், ஒரே இருப்பில் எழுதியது போலத்தான் அது இருக்கும். கொப்பியை வெளியே எடுக்காமலே விடலாம். அப்படியென்றால் காயத்துக்கு ஆதாரம் இல்லாமல் போவோம், போன தடவையைப்போல. எந்தப் பக்கம் போனாலும் அவரைத் திருப்பி அனுப்பப் போகிறவள் நான் என்றே பட்டது.

மூன்று நாள் இதையே சுற்றினேன். கடைசியில் அண்ணாவிடமே கேட்டேன். அது அவருடைய உயிர். முதல் நாளே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

"முழுசாக் குடு," என்றார்.

"தலைப்போடயோ?"

"தலைப்போடதான். அங்க முகாமில அவங்களுக்குத் தேவையானதைத்தான் சொன்னனான். உனக்கும் நீ கேக்க விரும்பினதைத்தான் சொன்னனான். இனி ஏலாது, கஜா. களைச்சுப் போனன்."

ஆனந்தராஜா தலைப்பை வாசித்துவிட்டு, கொப்பியைச் சுடுபாத்திரத்தை வைப்பதுபோல மேசையில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுறீங்கள்?"

"ஓம்."

"ரெண்டு பேரும் யோசிச்சுத்தானே?"

"நாங்கள் யோசிச்சு முடிஞ்சுது, அண்ணை," என்றார் லோகன் அண்ணா. "இனி நீங்கள் யோசியுங்கோ."

ஆனந்தராஜா பெருமூச்சு விட்டு மொழிபெயர்க்கக் கொடுத்தார்.

டிசம்பர் பதினெட்டாம் திகதி நாங்கள் பஸ்ஸில் போனோம். மூன்று பஸ் மாறி, ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். அண்ணா கோட் போடவில்லை. குளிரில் நடுங்கியபடி என் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

நீதிபதி ஒரு பெண். மொழிபெயர்ப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அரச தரப்பில் வந்தவர் என்னைக் கேட்டார்: நவம்பர் இருபத்தாறாம் திகதி நோவு பத்துக்கு இரண்டு என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் சகோதரர் கிட்டத்தட்டச் சுகமாகிவிட்டார், இல்லையா?

அது அவர் சொன்னது என்றேன். நான் எழுதியது என்றேன். சட்டவிரோதமான ஒன்றை நிறுத்த நான் தெரியாத வைத்தியம் செய்தேன் என்றும், கோட்டுக்குள் கராம்பைத் தைத்தது நானே, அண்ணா அல்ல என்றும் சொன்னேன். கேட்காததையெல்லாம் சொன்னேன். ஆனந்தராஜா ஒரு தடவை இருமினார்.

நீதிபதி கொப்பியின் அசலை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் பேனையை ஓட்டி, எண்களில் நிறுத்தினார். இந்த இரண்டு நிரலில் நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டார்.

"நான் எண்ணியதை," என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். முகத்தில் இருந்து எதுவும் தெரியவில்லை. முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்றார்கள்.

நத்தார் போனது, புதுவருடம் வந்தது. மருந்துக்கடையில் ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்கு நோவுக் குளிசை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாவுக்கு வைத்தியர் நோவுக்கான தனிக் கிளினிக் ஒன்றுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பதினாறு வாரம் காத்திருக்க வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியில் ஊரில் நடக்கும் யுத்தத்தின் செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. அங்கேதான் திருப்பி அனுப்புவார்கள் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. கறிக்கு மிளகு போடுவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

ஜனவரி இருபத்தெட்டு, புதன்கிழமை, எனக்கு ஓய்வு நாள். அந்தத் திங்கட்கிழமைதான் கஞ்சாவை மறுபடி தண்டனை கூடிய பி வகுப்புக்கு ஏற்றியிருந்தார்கள். ரேடியோவில் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்திவிட்டுக் கீழே போனேன். தபால் கீழ் நடையில் தரையில் விழுந்து கிடக்கும். பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவில் ஆனந்தராஜாவின் கந்தோர் முத்திரையோடு ஒரு நீள உறை.

நான் கூப்பிடவில்லை. ஆனாலும் மேலே கதவு திறந்தது.

"வந்திட்டுதோ?"

"ஓம்."

"நில். வாறன்."

"நான் மேல கொண்டு வாறன் அண்ணா."

"வேண்டாம். நானே வாறன்."

இழுக்கிற சத்தம் தொடங்கியது. உறையைப் பிரித்தேன். முதல் வளைவில் அவர் நின்றார். ஒன்று. முதல் தாள் ஆனந்தராஜாவின் கடிதம், அதற்குப் பின்னால் தடித்த கட்டு. சத்தம் தொடங்கியது. மறுபடி நின்றது. இரண்டு. முதல் வரியை வாசித்தேன். சரியாக வாசித்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி வாசித்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். மூன்றாவது தடவையும் அவர் நின்றார். அவருடைய கால் எனக்குத் தெரிந்தது, கைப்பிடியைப் பிடித்த கை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"வாசி," என்றார் அங்கிருந்தே.

"அப்பீல் ஏற்கப்பட்டது எண்டு போட்டிருக்கு."

"திருப்பி வாசி."

"ஏற்கப்பட்டது. உங்களை அனுப்பமாட்டினம் அண்ணா."

இரண்டு படி இறங்கினார். மறுபடி நின்றார். கைப்பிடியில் நெற்றியை வைத்தபடி, வெகுநேரம் நின்றார். நான்கு. அது இடுப்பு நோவுக்கு நின்றதா, வேறு எதற்காவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் எங்கும் எழுதவில்லை. மேலே ஏறிப்போய் அவருக்குப் பக்கத்தில், அதே படியில் இருந்தேன்.

"பத்துக்கு எத்தினை, அண்ணா?" என்று கேட்டேன்.

"ஒன்பது," என்றார்.